அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சிக்கு அம்மா வீட்டை எழுதி வைத்தால் வரி யார் கட்ட வேண்டும்?

சத்துவாச்சாரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். குடும்ப விஷயம் என்பதால் ஊரில் யாரிடமும் விரிவாகக் கேட்க முடியவில்லை. கேட்ட இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு 74 வயது. வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு இருக்கிறது, 1987-ல் மனை வாங்கி அப்பா கட்டியது. அப்பா 2011-ல் போய்விட்டார். பட்டா, வீட்டு வரி, கரண்ட் எல்லாம் அப்போதே அம்மா பேருக்கு மாற்றிவிட்டோம். கீழ் வீட்டில் 9,000 ரூபாய்க்கு ஒரு குடித்தனம், மாடியில் அம்மாவும் நாங்களும். அதுபோக அணைக்கட்டு ஊருக்கு அந்தப் பக்கம், அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. கிணறு இருக்கிறது, கரும்பும் முள்ளு கத்திரியும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். பேங்கில் கொஞ்சம் வைப்புநிதி.

தங்கச்சி 2006-ல் அமெரிக்கா போனவள். இப்போது அந்த ஊர்க் குடியுரிமை, கையில் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது). போன வருஷம் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தது, அந்த மழையில்தான் மாடித் தளமும் ஒழுக ஆரம்பித்தது. இரண்டுக்கும் சேர்த்து 40,000 டாலர் என் கணக்குக்கு அனுப்பினாள். பேங்கில் எதற்காக வந்த பணம் என்று கேட்டு ஒரு தாள் நீட்டினார்கள், குடும்பச் செலவு என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது ஒரு நண்பர், "அதற்கு 30 சதவீதம் வரி கட்டினாயா?" என்று கேட்டு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார்.

அம்மா சொல்வது இதுதான்: வீடு பெண்ணுக்கு, நிலம் எனக்கு, வைப்புநிதியில் 30 லட்சத்தை எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்ப வேண்டும், அவள் அங்கே வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறாள். "உயில் கியில் எல்லாம் வேண்டாம், நான் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் நீங்கள் ரெண்டு பேரும் அடித்துக்கொள்ள வேண்டாம்" என்கிறார். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. ஆனால் எந்த ஊரில் எவ்வளவு வரி, யார் கட்டுவது, என்ன தாள் கொடுப்பது, ஒன்றும் புரியவில்லை. தங்கச்சி டிசம்பரில் வருகிறாள், அப்போதே முடித்துவிடலாம் என்று இருக்கிறோம்.

ஐந்தொகை_காட்பாடி:

முதலில் அந்த நண்பரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். நான் ஆடிட்டர் ஆபீசில் 20 வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், வாரத்துக்கு ஒருவர் இந்த 30 சதவீதக் கதையோடு வருகிறார்.

இந்தியாவில் தனியாக அன்பளிப்பு வரி என்று ஒன்று 1958-லிருந்து இருந்தது. 1998 அக்டோபர் 1-லிருந்து அது இல்லை. இப்போது இருப்பது வருமான வரிச் சட்டத்தில் வாங்குகிறவர் மேல் விழும் ஒரு விதி. ஒரு வருஷத்தில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா பணம் வந்தால், முழுத் தொகையும் வருமானமாகச் சேரும். உறவினர் கொடுத்தால் எவ்வளவு வந்தாலும் சேராது. தங்கச்சி அண்ணனுக்குக் கொடுத்தது அந்த விலக்குக்குள் வருகிறது, அவள் எந்த நாட்டுக் குடிமகள் என்பது இங்கே கேள்வியே இல்லை. ஏப்ரல் 1, 2026 முதல் 1961 சட்டம் போய் 2025-ம் வருஷச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனால் இந்த உறவினர் விலக்கு அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தங்கச்சியிடம் ஒரு அன்பளிப்புக் கடிதம் வாங்கி, பேங்க் ஸ்டேட்மென்டோடு சேர்த்து வையுங்கள். எந்தத் தேதியில், எவ்வளவு, யாருக்கு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று நாலு வரி போதும். பிற்காலத்தில் கேட்டால் காட்டத்தான்.

வீடு. அம்மா மகளுக்கு எழுதிக் கொடுக்கும் அன்றைக்கு அம்மாவுக்கும் வருமான வரி இல்லை, மகளுக்கும் இல்லை. வரி காத்துக்கொண்டிருப்பது அவள் விற்கும் நாளில். அப்போது, "இது எனக்கு இனாமாக வந்தது, ஆகவே வாங்கிய விலை பூஜ்யம்" என்றும் ஆகாது, "எழுதிக் கொடுத்த நாள் மதிப்பு" என்றும் ஆகாது. முன்பு காசு கொடுத்து வாங்கியவர் யாரோ அவருடைய விலைதான். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 1-4-2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. லாபத்தில் 12.5 சதவீதம். உள்ளூர்க்காரர் என்றால் பழைய சொத்துக்கு 20 சதவீதமும் பணவீக்கக் கழிவும் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதைவிடக் கடிக்கிற விஷயம் வேறு. விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வாங்குகிறவர் முழு விலையின் மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும், லாபத்தின் மேல் இல்லை. ஒரு கோடிக்கு விற்றால் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 14 லட்சத்துக்கு மேல் போய்விடும், அப்புறம் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கினால் தப்பிக்கலாம். சொத்தை நீங்களோ அம்மாவோ விற்றால் இந்தத் தொல்லையே இல்லை, 50 லட்சம் தொட்டால் ஒரு சதவீதம், அவ்வளவுதான்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. வீடு தங்கச்சி பேருக்குப் போன அடுத்த மாசமே கீழ் வீட்டுக்காரர் கொடுக்கும் 9,000 ரூபாய் அவளுடைய வருமானம். குடித்தனக்காரர் அதில் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 9,000 ரூபாய் வாடகைக்கு அந்த மனிதரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்!

30 லட்சத்துக்கு வருவோம். அம்மா உள்ளூர்வாசி. வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் பேங்கே வசூலித்துவிடும். ஒரே மூச்சில் அனுப்பினால் 4 லட்சம் மாட்டிக்கொள்ளும். அது செலவு இல்லை, அம்மா ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும், ஆனால் வருகிற வரை காத்திருக்க வேண்டும். மார்ச்சில் 10, ஏப்ரலில் 10, மீதி 10 அதற்கு அடுத்த ஏப்ரலில் என்று அனுப்பினால் பிடித்தமே வராது.

ஜெர்சியில்_குடியாத்தம்:

அண்ணா, இந்தியப் பக்கம் மேலே சார் சொன்னதோடு சரி. அமெரிக்கப் பக்கம் நான் சொல்கிறேன், சொந்தமாகச் சூடு பட்டவள்.

இந்தியாவில் வாங்குகிறவரைத்தான் கேட்பார்கள். அமெரிக்காவில் தலைகீழ், கொடுக்கிறவரைக் கேட்பார்கள். உங்கள் தங்கச்சி ஒருவருக்கு ஒரு வருஷத்தில் 19,000 டாலர் வரை கொடுத்தால் ஒன்றும் எழுத வேண்டாம், 2025-க்கும் 2026-க்கும் அதுதான் கணக்கு. 40,000 கொடுத்ததால் அன்பளிப்பு வரிப் படிவம் 709 தாக்கல் செய்ய வேண்டும். வரி கட்ட வேண்டுமா என்றால் இல்லை, வாழ்நாள் விலக்கு என்று ஒன்று இருக்கிறது, 2026-க்கு ஒன்றரைக் கோடி டாலர், அதில் 21,000 குறையும், அவ்வளவே. ஆனால் படிவம் போடாமல் விடக்கூடாது. போன வருஷத்துக்குப் போடவில்லை என்றால் இப்போதாவது போடச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். ஆபரேஷன் பணத்தை அவள் நேராக ஆஸ்பத்திரிக்கே கட்டியிருந்தால் அது அன்பளிப்புக் கணக்கிலேயே வராது. உங்கள் கணக்குக்குப் போட்டு நீங்கள் கட்டியதால் வருகிறது. அம்மாவின் சிகிச்சைக்கு அனுப்பியது அம்மாவுக்குக் கொடுத்தது, தளம் போட அனுப்பியது உங்களுக்குக் கொடுத்தது என்று பிரிக்க முடியுமா என்று அவளுடைய சி.பி.ஏ.விடம் (அமெரிக்க ஆடிட்டர்) கேட்கச் சொல்லுங்கள், ஆளுக்கு 19,000 என்பதால் அது உதவும். அடுத்த முறை நேராகக் கட்டச் சொல்லுங்கள்.

இப்போது எதிர்த் திசை. அம்மா அவளுக்குக் கொடுத்தால் அமெரிக்காவில் வருமான வரி இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் படிவம் 3520 போட வேண்டும். வெறும் தகவல்தான், வரி பைசா இல்லை. போடாவிட்டால் மாசம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை அபராதம் ஏறும். நான் 2019-ல் இங்கே வீடு வாங்கும்போது குடியாத்தத்தில் நைனா மனையை விற்று அனுப்பினார், ஒரு லட்சத்தைத் தாண்டியது. "வரி இல்லாத பணத்துக்கு என்ன தாள்?" என்று இருந்துவிட்டேன். மூன்று வருஷம் கழித்து வேறொரு விஷயத்துக்குப் போன இடத்தில் சி.பி.ஏ. கேட்டார், எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. காரணக் கடிதத்தோடு தாமதமாகப் போட்டேன், தப்பித்தேன். அப்புறம் 2024 அக்டோபரில், தாமதமாகப் போடுகிறவர்களின் விளக்கத்தைப் படிக்காமல் தானாக அபராதம் போடுவதை நிறுத்துவதாக அமெரிக்க வரித்துறையில் அறிவித்தார்கள். ஆனாலும் அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

அம்மா வைப்புநிதியில் தங்கச்சி பேரையும் இரண்டாவதாகச் சேர்த்திருக்கிறாரா? எங்கள் பக்கம் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் செய்வார்கள். சேர்த்திருந்தால், பணம் அவளுடையதே இல்லை என்றாலும், வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டுகிற வருஷம் எஃப்பார் என்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசுக்குப் போட்டாக வேண்டும்.

கடைசியாக, உயில் வேண்டாம் என்கிறாரே அம்மா, அதைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கக் கணக்கில் உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்த சொத்துக்கு, கொடுத்தவருடைய பழைய விலையே வாங்கியவருக்கும் வரும். உயில் வழியாகவோ வாரிசு வழியாகவோ வந்தால் அவர் இறந்த நாள் மதிப்பு. விற்கும்போது லாபம் எவ்வளவு என்பது இதில் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். இந்தியாவில் அந்த வித்தியாசம் இல்லை, எப்படி வந்தாலும் பழைய விலைதான். ஆக ஒரே வீட்டை விற்றால் இரண்டு நாட்டில் இரண்டு லாபம் வரும். இந்தியாவில் கட்டிய வரியை அமெரிக்காவில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல்.

பத்திர_எழுத்தர்_ஆற்காடு:

எல்லோரும் வரியைப் பேசுகிறீர்கள், யாரும் மூலப்பத்திரத்தைக் கேட்கவில்லை. தம்பி, அந்த வீட்டு மனை 1987-ல் யார் பேரில் வாங்கியது? அப்பா பேரில் என்றால், அப்பா உயில் எழுதி வைத்தாரா? உங்கள் அப்பாவைப் பெற்ற ஆயா 2011-ல் உயிரோடு இருந்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், பட்டா மாறிவிட்டால் சொத்தும் மாறிவிட்டது என்று நம் பக்கம் பாதிப் பேர் நினைக்கிறார்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, அது பாத்தியதை கொடுக்காது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சரிபங்கு. அப்படியானால் அம்மாவுக்கு அந்த வீட்டில் மூன்றில் ஒன்றுதான். தங்கச்சிக்கு ஒன்று 2011-லேயே வந்துவிட்டது. இன்னொன்று உங்களுடையது. அம்மா முழு வீட்டையும் தான செட்டில்மென்ட் எழுதினால் அந்தப் பத்திரம் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் செல்லும், மீதியை நாளைக்கு வாங்க வருகிறவருடைய பேங்க் வக்கீல் கிழித்துத் தொங்கவிடுவார்.

செய்ய வேண்டியது: வட்டாட்சியரிடம் வாங்கிய வாரிசுச் சான்று கையில் இருக்கட்டும். அம்மா தன் பங்குக்குச் செட்டில்மென்ட், நீங்கள் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன்பு 25,000, 4,000 என்று இருந்தது, இணையத்தில் இன்னும் பழைய கணக்கே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்பி வராதீர்கள். குடும்பத்துக்கு வெளியே என்றால் விலைப் பத்திரம் மாதிரி முத்திரை மட்டுமே 7 சதவீதம்.

நிலத்தை உங்களுக்கு எழுதுவதில் சிக்கல் இல்லை, அது அம்மாவுக்கே வந்த சொத்து, நீங்கள் உள்ளூர்க்காரர். இதையே மாற்றி நிலம் தங்கச்சிக்கு, வீடு உங்களுக்கு என்று அம்மா சொல்லியிருந்தால் நான் பேனாவை மூடி வைத்திருப்பேன். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் நஞ்சை, புஞ்சை, தோட்டம், பண்ணை வீடு எதையும் விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் வாங்க முடியாது. வாரிசாக மட்டும் வரலாம். ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் சொல்வது. இது தெரியாமல் எழுதிப் பதிவும் ஆன பத்திரங்களை நானே பார்த்திருக்கிறேன். பதிவு ஆகிவிட்டதாலேயே அது சரியாகிவிடாது.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அவருடைய பங்கை எழுதும்போது, ஆயுள் காலம் வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உரிமையை நிறுத்தி வைத்து எழுதலாம். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ளாவிட்டால் எழுதியதை ரத்து செய்ய வழி தரும் 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவு அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. உங்கள் வீட்டில் அது தேவைப்படாது என்று நீங்கள் சொல்வீர்கள். எழுத வருகிற எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சத்துவாச்சாரிக்காரன்:

ஐயா, தலை சுற்றுகிறது. பத்திரம் அப்பா பேரில்தான் இருக்க வேண்டும், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, சாவியைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார். உயில் எதுவும் இல்லை. ஆயா 2004-லேயே போய்விட்டார்.

அப்படியானால் அம்மா கொடுக்கிறேன் என்று சொல்லும் வீட்டில் என் பங்கையும் நான்தான் கொடுக்கிறேனா? இத்தனை நாள் எனக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்த என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது. கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, தளமே அவள் காசில் போட்டதுதான். ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு இல்லையா.

ஜெர்சியில்_குடியாத்தம்:

பத்திர எழுத்தர் ஐயா சொன்னதில் அமெரிக்கக் கணக்கே மாறிவிட்டது அண்ணா, நல்லவேளை அவர் கேட்டார்.

வீடு ஒரு கோடி பெறும் என்று வைத்துக்கொள்வோம். தங்கச்சியின் மூன்றில் ஒன்று ஏற்கெனவே அவளுடையது, அது அன்பளிப்பில் வராது. அம்மா பங்கும் உங்கள் பங்கும் சேர்ந்து சுமார் 67 லட்சம். அதோடு 30 லட்சம் பணம். டாலர் 90 ரூபாய் என்று போட்டால் வீட்டுப் பங்கு 74,000 சொச்சம், பணம் 33,000 சொச்சம், கூட்டினால் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல். நீங்கள் வேறு, அம்மா வேறு என்று தனித்தனியாக எண்ண முடியாது, கொடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் உறவு என்றால் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆக எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்தால் 3520. டிசம்பரில் பத்திரம், ஜனவரிக்குப் பிறகு பணம் என்றால் இரண்டு வருஷத்திலும் வரம்புக்குக் கீழே. அமெரிக்காவில் வருஷம் ஜனவரி முதல் டிசம்பர், இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச். ஐந்தொகை சார் சொன்ன மார்ச், ஏப்ரல் யோசனையோடு இதையும் பொருத்திப் போடுங்கள், இரண்டும் ஒத்து வருகிறது.

இன்னொன்று, அவளுடைய பங்கு அப்பா இறந்தபோது வந்தது, அதனால் அமெரிக்கக் கணக்கில் அதன் விலை 2011-ம் வருஷ மதிப்பு. உங்கள் பங்கும் அம்மா பங்கும் கூட உங்களுக்கு வந்தது 2011-ல் என்பதால் அதே மதிப்புதான் அவளுக்குத் தொடர்ந்து வரும் என்று எங்கள் சி.பி.ஏ. சொல்வார். இந்தியாவில் 2001, அமெரிக்காவில் 2011. இரண்டு வருஷத்துக்கும் ஒரு மதிப்பீட்டாளரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். பத்து வருஷம் கழித்து 2011-ல் சத்துவாச்சாரியில் சதுர அடி என்ன விலை என்று கேட்டால் யார் சொல்வார்கள்?

அம்மாவுக்கு ஆயுள் உரிமை வைத்து எழுதுவது நல்லதுதான், ஆனால் அது அமெரிக்கக் கணக்கை மாற்றக்கூடும். வரைவுப் பத்திரத்தை அவளுடைய சி.பி.ஏ. பார்த்த பிறகு பதியுங்கள்.

பேரணாம்பட்டு_பாய்:

நடுவில் நுழைகிறேன், என் கதை சின்னது. நான் துபாயில் இருந்தபோது தாய்மாமா கடை வைக்க 3 லட்சம் அனுப்பினேன். அங்கே சம்பளத்துக்கே வரி இல்லை, அன்பளிப்புக்கு எங்கே வரி, சொந்த மாமாதானே என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மாமா எனக்குக் கொடுத்தால் அவர் எனக்கு உறவினர், வரி இல்லை. நான் மாமாவுக்குக் கொடுத்தால் சட்டத்தின் பட்டியலில் நான் அவருக்கு உறவினரே இல்லை! அவருக்கு 3 லட்சமும் வருமானமாகச் சேர்ந்தது. அக்கா தங்கை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவருக்கு இந்தப் பதிலை எப்படிச் சொல்வது சொல்லுங்கள்.

ஐந்தொகை_காட்பாடி:

பாய் சொல்வது நூற்றுக்கு நூறு. பட்டியலில் அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள் உண்டு, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் கிடையாது. சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளையும் கிடையாது. திருப்பித் தர வேண்டிய கைமாற்று என்று முதலிலேயே எழுதியிருந்தால் வருமானம் ஆகியிருக்காது.

இதில் இன்னொரு வேடிக்கை. வெளிநாட்டில் இருக்கும் மருமகனுக்குத் தாய்மாமா வீட்டை எழுதினால் வருமான வரி இல்லை, ஆனால் ஃபெமா அதை ஒப்பாது. அங்கே உறவினர் என்பது கம்பெனிச் சட்டத்துப் பட்டியல்: பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், மருமகள், மருமகன், உடன்பிறந்தவர்கள், அவ்வளவோடு நின்றுவிடும். அந்த மருமகன் மகளைக் கட்டியவர், அக்கா பிள்ளை இல்லை. முத்திரைச் சட்டம் யாரைக் குடும்பம் என்கிறது என்பது மூன்றாவது பட்டியல். கல்யாணப் பத்திரிகையில் பேர் போடுவதற்கு ஒரு பட்டியல்தான், சட்டத்துக்கு மூன்று. சத்துவாச்சாரிக்காரருக்கு அம்மா, அண்ணன், தங்கச்சி என்பதால் மூன்றிலும் தேறிவிட்டார்.

அப்புறம், நிலத்தை உங்கள் மனைவி பேரில் எழுதலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மாமியார் மருமகளுக்குக் கொடுத்த சொத்தின் வருமானம் மாமியார் கணக்கிலேயே சேரும். விவசாய வருமானத்துக்கு இப்போதைக்குப் பெரிய பாதிப்பு இல்லை, ஆனால் நாளைக்கு மனை போட்டு விற்றால் தெரியும்.

சத்துவாச்சாரிக்காரன்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். பெட்டியைத் திறந்தாயிற்று. ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பத்திரம். மடிப்பில் தாள் விட்டுப்போயிருக்கிறது. "வட ஆற்காடு மாவட்டம், வேலூர்" என்று நீல மை. அப்பா பேர் மட்டும்தான். பென்சிலில் கடைசிப் பக்கத்தில் செங்கல், மணல், கொத்தனார் கூலி என்று அப்பா கணக்கு எழுதியிருக்கிறார், அம்மா அதை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

அம்மாவிடம் மூன்று பங்கு விஷயத்தைச் சொன்னோம். தங்கச்சி வீடியோவில் இருந்தாள். "எனக்கு முழு வீடு வேண்டாம், அண்ணன் பங்கு அண்ணனுக்கே இருக்கட்டும், அம்மா பங்கு மட்டும் போதும்" என்றாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, "வீட்டை ரெண்டாக்கினால் சண்டைக்கு வாசல்" என்கிறார். அது அவர்கள் இருவரும் பேசித் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி இப்போது பேசுகிறாள்.

709-க்குத் தங்கச்சி அங்கே சொல்லிவிட்டாள். வைப்புநிதியில் அவள் பேர் இருக்கிறது, எஃப்பார் போட்டதே இல்லையாம், அதையும் கேட்கிறாள். ஜெர்சி அக்காவுக்கு அவள் சார்பில் நன்றி.

ஆனால் புதுச் சிக்கல். இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். 1994-ல் அப்பா ஒரு சங்கத்தில் வீட்டுக் கடன் வாங்கி அடமானம் வைத்தது இன்னும் நிற்கிறது. கடன் 2003-ல் முடிந்துவிட்டது என்று அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது, பாஸ் புத்தகமும் இருக்கிறது. இது குறுக்கே நிற்குமா?

பத்திர_எழுத்தர்_ஆற்காடு:

நிற்கும் தம்பி. கடன் அடைத்தது வேறு, அடமானம் விடுபட்டதைப் பதிவு செய்தது வேறு. அந்தக் காலத்தில் பணத்தைக் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், ரசீதுப் பத்திரம் பதிய யாரும் போக மாட்டார்கள். அந்தச் சங்கம் இன்னும் இருக்கிறதா, வேறு சங்கத்தோடு சேர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பாஸ் புத்தகத்தோடு போய், கடன் தீர்ந்தது என்று கடிதம் வாங்கி, அவர்கள் ஆளை வரவழைத்து ரசீதைப் பதிந்துவிடுங்கள். தங்கச்சி வருவதற்குள் அது முடிந்தால்தான் டிசம்பரில் மற்றது நடக்கும். ஒருவேளை இழுத்துக்கொண்டு போய் அவள் திரும்பிவிட்டால், அங்கேயே தூதரகத்திலோ நோட்டரியிடமோ கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல அந்த ஊர் அரசு தரும் சான்று) வாங்கி பவர் அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தாள் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாசத்துக்குள் மாவட்டப் பதிவாளர் ஆபீசில் முத்திரை போட வேண்டும், டிராயரில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பத்திரத்தை மடிக்காமல் வையுங்கள். மடிப்பில் விட்டுப்போன இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், மை போய்விடும்.